உழைப்பு இருக்கு... கடதாசி இருக்கா? புதிதாக வந்தவருக்கு வீட்டுக்கடன் எங்கே தடக்குது?

ரொறன்ரோ:

"வந்து ஒரு வருசம்கூட ஆகேல்லை. எங்களுக்கு வங்கி வீட்டுக்கடன் தருமா?"

ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன், ஏஜாக்ஸ் என்று தமிழர் வசிக்கும் இடமெல்லாம் இந்தக் கேள்விதான். கோவில் மண்டபத்திலும் கேட்கிறார்கள். தொழிற்சாலை இடைவேளையிலும் கேட்கிறார்கள். பதில் சொல்லவும் ஆள் பஞ்சமில்லை. "பத்து வருசம் இருக்க வேணும்" என்பார் ஒருவர். "20 சதவீதம் கையிலை இல்லாமல் வங்கிப் பக்கமே போகாதை" என்பார் இன்னொருவர். "என்னட்டை வா தம்பி, எல்லாம் நான் செய்து தாறன்" என்பார் மூன்றாமவர்.

மூன்றும் பிழை. மூன்றாவது ஆபத்தும்கூட!

உண்மை என்ன? நிரந்தர வதிவிட உரிமை, அதாவது பிஆர், கையில் இருந்தால் வந்த முதல் வருடத்திலேயே வீட்டுக்கடன் கேட்கலாம். 5 சதவீத முற்பணத்திலும் கேட்கலாம். கனடாவில் பழைய கடன் வரலாறு இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. ஆனாலும் நம்ம சனம் பலர் வங்கி வாசலில் தடக்கி விழுகிறார்கள். ஏன்?

நீங்கள் எவ்வளவு உழைக்கிறீர்கள் என்று வங்கி பார்ப்பதில்லை. உழைத்ததற்குக் கடதாசி இருக்கா என்றுதான் பார்க்கிறது. இரண்டு வேலை செய்து மாடாய் உழைத்தாலும், கைக்காசு வேலை என்றால் வங்கிக் கணக்கில் நீங்கள் சும்மா இருக்கிறவர்தான். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

முதல் கேள்வி: உங்கட விசா என்ன?

கனடியர் அல்லாதோர் வீடு வாங்கத் தடை விதிக்கும் மத்திய அரசுச் சட்டம் 2023 ஜனவரி 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. முதலில் இரண்டு வருடத்துக்குத்தான் என்றார்கள். பிறகு 2024 பெப்ரவரியில், 2027 ஜனவரி 1 வரை நீட்டிப்பதாக அரசு அறிவித்தது. மீறி வாங்கினால் 10,000 டொலர் வரை அபராதம். வீட்டை விற்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும்.

ஆனால் பிஆர் உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, பாதுகாக்கப்பட்டவர் என்ற நிலை பெற்றவர்களுக்கும் இல்லை. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு 2023 மார்ச்சில் விதியைத் தளர்த்தினார்கள். வாங்கும் நாளில் வேலை அனுமதி குறைந்தது 183 நாளாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒரு வீடு மட்டும்தான் வாங்கலாம்.

"அப்ப வேர்க் பெர்மிட்டிலை வாங்கலாம்தானே?" என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். மத்திய அரசு கதவைத் திறந்தாலும் ஒன்ராறியோ அரசு வாசலில் பெரிய பில் ஒன்றோடு நிற்கிறது!

பிஆரும் குடியுரிமையும் இல்லாத வெளிநாட்டவர் ஒன்ராறியோவில் வீடு வாங்கினால் தனி வரி கட்ட வேண்டும். 2022 அக்டோபர் 25 முதல் அது 25 சதவீதம். ரொறன்ரோ நகரத்துக்குள் என்றால் 2025 ஜனவரி 1 முதல் நகரசபையின் 10 சதவீதம் வேறு. 6 லட்சம் டொலர் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாகாணத்துக்கு ஒன்றரை லட்சம். ரொறன்ரோ என்றால் இன்னும் 60 ஆயிரம். மொத்தம் 2 லட்சத்து 10 ஆயிரம் டொலர்! இதை வங்கி கடனாகத் தராது. கையிலிருந்து வைக்க வேண்டும். நாலு வருடத்துக்குள் பிஆர் கிடைத்து, அந்த வீட்டிலேயே குடியிருந்திருந்தால் மாகாண வரியைத் திருப்பிக் கேட்க முடியும். அதற்கும் நிபந்தனைகள் உண்டு.

நம்ம குடும்பங்கள் விழும் பொறி இன்னொன்று. அண்ணனுக்கு பிஆர் இருக்கு. தம்பி வேலை அனுமதியில் இருக்கிறார். "ரெண்டு பேரின்ரை சம்பளத்தையும் காட்டுவம், உறுதியிலை ரெண்டு பேரின்ரை பேரையும் போடுவம்" என்று முடிவெடுக்கிறார்கள். வாங்குபவர்களில் ஒருவர் வெளிநாட்டவர் என்றாலும் வரி முழு விலைக்கும் விழும். தம்பிக்கு ஒரு சதவீதப் பங்கு மட்டும் என்று எழுதினாலும் தப்ப முடியாது. கணவன் மனைவியாகச் சேர்ந்து வாங்கும்போது ஒருவருக்கு பிஆர் இருந்தால் விலக்கு உண்டு. அண்ணன் தம்பிக்கு அந்த விலக்கு இல்லை. அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணையில் இருப்பவரும் இந்த வரிக்கு உட்பட்டவர்தான். பெயர் போடுவதற்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

முற்பணம்: 20 சதவீதம் கட்டாயம் இல்லை

விலையில் முதல் 5 லட்சத்துக்கு 5 சதவீதம். அதற்கு மேல் 15 லட்சம் வரைக்கும் உள்ள பகுதிக்கு 10 சதவீதம். இதுதான் குறைந்தபட்ச முற்பணம். 2024 டிசம்பர் 15 வரைக்கும் இந்தச் சலுகை 10 லட்சத்துக்குக் குறைந்த வீட்டுக்குத்தான் இருந்தது. அன்றிலிருந்து எல்லையை 15 லட்சம் ஆக்கினார்கள். முதல் வீடு வாங்குபவர்களுக்கு 25 வருடத்துக்குப் பதில் 30 வருடத் தவணையும் அன்றிலிருந்துதான்.

6 லட்சம் டொலர் வீட்டுக்குக் கணக்குப் போடுவோம். முதல் 5 லட்சத்துக்கு 25,000. மிச்ச ஒரு லட்சத்துக்கு 10,000. ஆக 35,000 டொலர் முற்பணம். மிச்சம் 5 லட்சத்து 65 ஆயிரம் கடன்.

இத்தோடு முடியவில்லை. முற்பணம் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் கடனுக்குக் காப்புறுதி கட்டாயம். அரசு நிறுவனமான சிஎம்எச்சி, தனியார் நிறுவனங்களான சேஜன், கனடா கேரண்டி, இந்த மூன்றில் ஒன்று காப்புறுதி கொடுக்கும். இவ்வளவு குறைந்த முற்பணத்துக்குக் கட்டணம் கடனில் 4 சதவீதம். நம்ம உதாரணத்தில் 22,600 டொலர். அதைக் கடனோடு சேர்த்து விடுவார்கள். ஆக மொத்தக் கடன் 5 லட்சத்து 87 ஆயிரத்து 600. அந்தக் கட்டணத்துக்கு ஒன்ராறியோவின் 8 சதவீத விற்பனை வரி, 1,808 டொலர், கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

இங்கே பலருக்கு ஒரு தவறான நினைப்பு. "காப்புறுதி கட்டியிருக்கிறன், வேலை போனால் அவை பார்ப்பினம்" என்கிறார்கள். இல்லவே இல்லை! கட்டணம் கட்டுவது நீங்கள். பாதுகாப்பு வங்கிக்கு. நீங்கள் தவணை தவறி, வீட்டை விற்றும் கடன் அடையாவிட்டால் வங்கியின் நட்டத்தைத்தான் காப்புறுதி ஈடு செய்யும். உங்களை அல்ல.

கிரெடிட் ஸ்கோர் இல்லையா? வழி இருக்கு

கனடாவில் ஈக்விபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள் நம் கடன் பழக்கத்துக்கு 300 முதல் 900 வரை மார்க் போடுகின்றன. காப்புறுதியோடு கடன் எடுக்க, சிஎம்எச்சி விதிப்படி வாங்குபவர்களில் ஒருவருக்காவது 600 இருக்க வேண்டும். ஊரில் நீங்கள் எவ்வளவு நாணயமாகக் கடன் கட்டியிருந்தாலும் இங்கே விமான நிலையத்தில் இறங்கும்போது உங்கள் ஸ்கோர் வெறும் வெள்ளைத் தாள்.

அதற்காகத்தான் புதிதாக வந்தவர்களுக்கென்று தனித் திட்டங்கள் இருக்கின்றன. உதாரணமாக சேஜன் நிறுவனத்தின் திட்டத்தில், வந்து 5 வருடத்துக்குள் இருப்பவர்கள், கனடாவில் குறைந்தது 3 மாதம் முழுநேர வேலை செய்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஸ்கோர் இல்லையென்றால் வேறு சான்றுகள் காட்டலாம். 12 மாதம் வாடகையை ஒழுங்காகக் கட்டிய சான்று ஒன்று. அதோடு கரண்ட் பில், தொலைபேசி பில், கார் காப்புறுதி மாதிரி இன்னொன்று. முன்பு இருந்த நாட்டின் கடன் அறிக்கையையும் ஏற்பதுண்டு. பெரிய வங்கிகளிலும் புதியவர்களுக்கான திட்டங்கள் இருக்கின்றன.

கேட்கும்போது லேசு. ஆனால் நம்ம ஆக்கள் எங்கே இருக்கிறார்கள்? யாரோ தெரிந்தவர் வீட்டுப் பேஸ்மென்டில். வாடகை கைக்காசு. ரசீது கிடையாது. கரண்ட், இன்டர்நெட் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில். 12 மாதம் ஒரு நாளும் பிந்தாமல் வாடகை கட்டியிருப்பார். காட்ட ஒரு துண்டு கடதாசி இருக்காது!

இதற்குச் செலவில்லாத மருந்து இருக்கிறது. வாடகையை வங்கி வழியாக, இ-டிரான்ஸ்பராக அனுப்புங்கள். ஒரு பில்லையாவது உங்கள் பெயரில் எடுங்கள். வந்த மாதமே சின்ன கிரெடிட் கார்ட் ஒன்று எடுத்து, கொஞ்சம் பாவித்து, மாதாமாதம் முழுவதையும் கட்டுங்கள்.

கைக்காசு, ஏஜென்சி, டாக்சி... சம்பளத்தில் மூன்று சிக்கல்

வேலைக் கடிதம், சம்பளத் துண்டு, டி4 படிவம், வரித் திணைக்களம் அனுப்பும் மதிப்பீட்டுக் கடிதம். வங்கி கேட்பது இவைதான்.

கைக்காசு வேலையில் இவை ஒன்றும் கிடையாது. கடை முதலாளிக்கு வசதி. தொழிலாளிக்கும் அந்த மாதம் வரி மிச்சம். ஆனால் வீடு வாங்கப் போகும் நாளில் அந்த மிச்சத்தின் விலை தெரியும்.

ஏஜென்சி மூலம் தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. நிரந்தர வேலை இல்லை, மணித்தியாலம் கூடிக் குறையும் என்பதால் பல வங்கிகள் இரண்டு வருடச் சராசரியைக் கேட்கும். ஓவர்டைமும் அப்படித்தான். இந்த மாதம் அடித்த ஓவர்டைமை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

டாக்சி, ஊபர், டெலிவரி ஓடுகிறவர்கள் சுயதொழில் கணக்கில் வருவார்கள். பொதுவாக இரண்டு வருட வரி மதிப்பீடு கேட்பார்கள். இங்கேதான் இரட்டை வேடம் அகப்படும். வரி குறைக்க வேண்டும் என்று செலவை எல்லாம் கழித்து "20 ஆயிரம்தான் வருமானம்" என்று எழுதுகிறோம். வங்கியில் போய் "60 ஆயிரம் உழைக்கிறன்" என்கிறோம். வங்கி எதை நம்பும்? நீங்களே கையெழுத்து வைத்த வரிக் கடதாசியைத்தான்!

கணக்கு இங்கேதான் உடையுது

கடனுக்கு வட்டி 4.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி உங்களை 4.5-க்குச் சோதிக்காது. 2 சதவீதம் கூட்டி 6.5-க்குச் சோதிக்கும். ஒப்பந்த வட்டியோடு 2 சதவீதம், அல்லது 5.25 சதவீதம், இரண்டில் எது பெரிதோ அதுதான் சோதனை வட்டி. ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்பது இதைத்தான்.

அந்தச் சோதனை வட்டியில் வரும் மாதத் தவணை, சொத்து வரி, வெப்பச் செலவு (கொண்டோ என்றால் பராமரிப்புக் கட்டணத்தில் பாதியும்) எல்லாம் சேர்த்து வரிக்கு முந்திய வருமானத்தில் 39 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதோடு கார் லோன், கார்ட் கடன் எல்லாம் சேர்த்தால் 44 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. காப்புறுதிக் கடனுக்கு சிஎம்எச்சி வைத்திருக்கும் எல்லை இது.

இப்போது மூன்று வீட்டுக் கணக்கைப் பாருங்கள். 25 வருடத் தவணை, சொத்து வரியும் வெப்பமும் மாதம் 400 டொலர் என்று எடுத்திருக்கிறோம்.

முதலாவது: கணவன் மனைவி இருவரும் குறைந்தபட்சச் சம்பளத்தில். ஒன்ராறியோவில் 2025 அக்டோபர் 1 முதல் அது மணிக்கு 17.60 டொலர். இருவரும் வாரம் 40 மணித்தியாலம் வருடம் முழுக்க வேலை செய்தால் மொத்தம் 73,216 டொலர். அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய கடன் சுமார் 2 லட்சத்து 95 ஆயிரம்.

இரண்டாவது: இருவருக்கும் மணிக்கு 25 டொலர். வருட வருமானம் ஒரு லட்சத்து 4 ஆயிரம். கடன் சுமார் 4 லட்சத்து 45 ஆயிரம்.

மூன்றாவது: அதே 25 டொலர் சோடிதான். ஆனால் வாசலில் இரண்டு புதுக் கார். ஒன்றுக்கு மாதம் 600 டொலர் லோன். கடன் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரமாகச் சுருங்கி விடும். இரண்டு கார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுக்கடனை விழுங்கி விட்டது!

நாம் முதலில் பார்த்த 6 லட்சம் டொலர் வீட்டுக்கு இதே கணக்கில் குடும்ப வருமானம் ஒரு லட்சத்து 33 ஆயிரம் வேண்டும். ரொறன்ரோப் பகுதியில் வீட்டின் சராசரி விலை 2022 பெப்ரவரியில் 13 லட்சத்தைத் தாண்டியது. பிறகு இறங்கியும் 2025-இல் 10 லட்சத்தைச் சுற்றித்தான் நின்றது. அப்படியென்றால் இரண்டு குறைந்தபட்சச் சம்பளம் எங்கே, வீடு எங்கே?

5 சதவீத முற்பணம் என்று விளம்பரம் போடுகிறார்கள். முற்பணம் சின்னத் தடை. பெரிய தடை சம்பளம். அதை விளம்பரத்தில் போடுவதில்லை.

சீட்டுக் காசும் உண்டியல் காசும்

முற்பணத்துக்கு நம்ம ஆக்களிடம் இருக்கும் வழிகள் மூன்று. சீட்டு, ஊரில் காணி விற்ற காசு, சொந்தக்காரரிடம் கைமாற்று.

வங்கி பொதுவாகக் கடைசி 90 நாள் கணக்கு விவரம் கேட்கும். அதில் திடீரென்று 30 ஆயிரம் விழுந்திருந்தால் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும். "சீட்டு எடுத்தனான்" என்றால் கடதாசி கேட்கும். சீட்டுத் தாச்சியிடம் இருப்பது ஒரு கொப்பிதான். உண்டியலில் வந்த காசுக்கு அந்தக் கொப்பியும் இல்லை. நேர்மையாகச் சேர்த்த காசுதான், ஆனால் வங்கியின் கண்ணில் அது சந்தேகக் காசு.

ஆகவே வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் காசை 3 மாதத்துக்கு முன்பே கணக்கில் போடுங்கள். சீட்டுக்கு மாதாமாதம் கட்டியதை இ-டிரான்ஸ்பராகக் கட்டினால் அதுவே சான்று. ஊரில் காணி விற்றால் உறுதியின் பிரதி, வங்கியில் காசு வந்த விவரம், அனுப்பிய சீட்டு எல்லாவற்றையும் வைத்திருங்கள். 10,000 டொலரும் அதற்கு மேலும் வெளிநாட்டிலிருந்து வந்தால் வங்கி பின்ட்ராக் என்ற அரசு அமைப்புக்குத் தகவல் கொடுக்கும். அது வழமையான நடைமுறை. குற்றமும் இல்லை, வரியும் இல்லை. அதற்குப் பயந்து துண்டு துண்டாக அனுப்பினால்தான் சந்தேகம் வரும். கையில் கொண்டு வந்தால் எல்லையில் அறிவிக்க வேண்டும்.

அப்பா அம்மா போன்ற நெருங்கிய உறவினர் கொடுத்தால் அது திருப்பிக் கேட்காத அன்பளிப்பு என்று கடிதம் வேண்டும். உண்மையில் அது கடனாக இருந்தால் அப்படி எழுதிக் கொடுப்பது பொய்ச் சாட்சி. நாளைக்கு மாதாமாதம் அதையும் கட்ட வேண்டும், மோட்கேஜும் கட்ட வேண்டும்.

சீதன வீடு காட்டும் வேலை

வீடு வாங்கும்போது ஒன்ராறியோவுக்கு நில மாற்று வரி கட்ட வேண்டும். 6 லட்சம் வீட்டுக்கு அது 8,475 டொலர். ரொறன்ரோ நகரத்துக்குள் என்றால் நகரசபைக்கும் அதே அளவு. மொத்தம் 16,950. முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000 வரை, ரொறன்ரோ 4,475 வரை திருப்பித் தரும்.

ஆனால் "முதல் வீடு" என்றால் கனடாவில் முதல் வீடு என்று நினைக்க வேண்டாம். உலகத்தில் எந்த மூலையிலும் வீடு வைத்திருந்திருக்கக்கூடாது! யாழ்ப்பாணத்தில் மனைவி பெயரில் சீதன வீடு இருந்தால் அவருக்கு இந்தச் சலுகை இல்லை. கணவனாக இருக்கும் காலத்தில் மனைவி வீடு வைத்திருந்ததால் கணவனுக்கும் இல்லை. "அது ஊரிலை கிடக்கிற பழைய வீடு" என்று சொல்லிப் பயனில்லை. படிவத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முற்பணம் சேர்க்க நல்ல வழி ஒன்றும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் வருடம் 8,000, மொத்தம் 40,000 டொலர் வரை போடலாம். போடும் காசுக்கு வருமான வரி குறையும். வீடு வாங்க எடுக்கும்போதும் வரி இல்லை. ஊரில் சொந்த வீட்டில் குடியிருந்துவிட்டு அண்மையில் வந்தவர்கள், தகுதி இருக்கா என்று கேட்டுவிட்டுத் திறக்கவும்.

"கடிதம் செய்து தாறன்" என்பவரிடம் உசார்!

சம்பளம் போதவில்லை என்று வங்கி சொன்னதும் தொலைபேசி அடிக்கும். "தம்பி, வேலைக் கடிதம், டி4 எல்லாம் நான் செய்து தாறன். எல்லாரும் இப்பிடித்தான் வாங்கினவை" என்று இனிக்க இனிக்கப் பேசுவார்கள்.

இது புதுசு இல்லை. ஹோம் கேப்பிட்டல் என்ற கடன் நிறுவனம், பொய்யான வருமானத் தகவலோடு விண்ணப்பங்கள் வந்ததால் 45 புரோக்கர்களை நிறுத்தி வைத்ததாக 2015-இல் அறிவித்தது. அதற்குப் பிறகு கண்காணிப்பு இறுகியதே தவிர தளரவில்லை.

மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும்? 5,000 டொலருக்கு மேற்பட்ட மோசடிக்குக் கனடாவின் குற்றவியல் சட்டத்தில் அதிகபட்சம் 14 வருடச் சிறை. அது அதிகபட்சம்தான், எல்லாருக்கும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள். ஆனால் பிஆர் உள்ளவர்களுக்கு இன்னொரு இடி. 10 வருடமோ கூடவோ சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பானால், குடிவரவுச் சட்டத்தில் அது கடும் குற்றம். நாட்டில் இருக்கும் உரிமையே போகலாம்! கொமிஷன் வாங்கியவர் தன் வீட்டில் இருப்பார். கையெழுத்து வைத்தவர் விமான நிலையத்தில் நிற்க வேண்டி வரலாம்.

"உங்கட பேரை மட்டும் தாங்கோ, தவணை நாங்கள் கட்டுவம்" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். பெயர் யாருடையதோ கடன் அவருடையது. அவர்கள் கட்டாவிட்டால் வங்கி உங்கள் கதவைத்தான் தட்டும்.

ஒன்ராறியோவில் மோட்கேஜ் முகவருக்கு எப்எஸ்ஆர்ஏ என்ற அமைப்பின் உரிமம் கட்டாயம். பெயரைப் போட்டு அவர்களின் இணையப் பதிவேட்டில் பார்க்கலாம். காசு செலவில்லை.

கடன் கிடைத்தால் கதை முடிந்ததா?

இல்லை. கனடாவில் தவணைக் காலம் 25 வருடம் என்றாலும் வட்டி ஒப்பந்தம் பெரும்பாலும் 5 வருடத்துக்குத்தான். பிறகு அந்த நாளின் வட்டிக்குப் புதுப்பிக்க வேண்டும். கனடா மத்திய வங்கியின் அடிப்படை வட்டி 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதம். 2023 ஜூலையில் 5 சதவீதம். 2025 அக்டோபரில் 2.25. ஊஞ்சல் மாதிரி!

5 லட்சம் கடனை 2 சதவீத வட்டிக்கு எடுத்தவருக்கு மாதத் தவணை சுமார் 2,117 டொலர். 5 வருடம் கழித்து 4.5 சதவீதத்தில் புதுப்பித்தால் சுமார் 2,640. மாதம் 520 டொலருக்கு மேல் கூட. அதே வேலை, அதே சம்பளம், ஒரு வாரச் சாமான் காசு போச்சு. ஸ்ட்ரெஸ் டெஸ்ட் நம்மைத் தடுக்கிறது என்று திட்டுகிறோம். ஆனால் அந்தச் சோதனை பார்ப்பது இந்த நாளைத்தான்.

வங்கி இல்லையென்றதும் தனியார் கடனுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வட்டி கூட, கட்டணம் கூட, பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் தருவார்கள். வருடம் முடியும்போது வங்கி அப்போதும் இல்லை என்றால்? ஒன்ராறியோவில் தவணை தவறி 15 நாள் கழிந்தால் வீட்டை விற்கும் நடவடிக்கைக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அதிலிருந்து குறைந்தது 35 நாள் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால் நீதிமன்றத்துக்கு முழு வழக்குப் போகாமலே வீட்டை விற்க முடியும். பத்து வருடச் சேமிப்பு இரண்டு மாதத்தில் கரையலாம்.

யாருக்கு வசதியான விதி?

இந்த விதிகளைப் படித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். புதிதாக வந்தவர் என்பதற்காக பிஆர் உள்ளவரை வங்கி ஒதுக்கவில்லை. நல்ல கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்கும் கம்ப்யூட்டர் எஞ்சினியர் 3 மாதத்தில் தகுதி பெறுகிறார். அதே விமானத்தில் வந்து, கடையில் கைக்காசுக்குச் சட்டி கழுவுகிறவர் 3 வருடம் ஆனாலும் தகுதி பெறுவதில்லை. இருவருக்கும் விதி ஒன்றுதான். கடதாசிதான் வேறு.

ஆகவே கைக்காசுச் சம்பளம் என்பது முதலாளி செய்யும் உதவி அல்ல. தொழிலாளியின் வீட்டை, ஓய்வூதியத்தை, வேலையிழப்புக் காப்புறுதியைச் சேர்த்து அவர் மிச்சம் பிடிக்கிறார். "எனக்கு டி4 வேணும்" என்று கேட்பது உரிமை. வந்த முதல் மாதமே கேட்க வேண்டிய உரிமை.

வீடு தேடப் புறப்படும் முன் இவற்றைச் செய்து வையுங்கள்:

* வாடகையும் சீட்டும் வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள்.

* வருடா வருடம் உண்மையான வருமானத்துக்கு வரி தாக்கல் செய்யுங்கள்.

* புதுக் கார் வீடு வாங்கிய பிறகு. அதற்கு முன் வேண்டாம்.

* உறுதியில் யார் பெயர் என்பதை வழக்கறிஞரோடு பேசி முடிவெடுங்கள்.

* முன்-அங்கீகாரம் என்பது கடன் கிடைத்ததாக அர்த்தம் இல்லை. கடன் கிடைத்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலிருந்து எடுக்கச் சொன்னால் மறுத்து விடுங்கள். அதை எடுத்துவிட்டு வங்கி கைவிரித்தால், கொடுத்த வைப்புப் பணம் போய்விடும்.

* வங்கி தருவதாகச் சொல்லும் முழுத் தொகையையும் எடுக்க வேண்டியதில்லை. மாதத் தவணை 500 டொலர் கூடினாலும் கட்ட முடியுமா என்று முதலில் வீட்டில் இருந்து கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் அந்த வீடு இப்போதைக்கு வேண்டாம்.

இன்னும் ஒன்றிரண்டு வருடம் வாடகைக்கு இருப்பது வெட்கம் இல்லை. அந்த இரண்டு வருடமும் கடதாசியோடு உழைத்தால், அடுத்த முறை வங்கி வாசலில் "எல்லாம் செய்து தாறன்" என்பவரின் உதவி உங்களுக்குத் தேவைப்படாது.